ரைபிளுக்குக் குத்தம் குறை உண்டா

ஜம்புலிங்கம் ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ரைபிளின் குழலுக்குள் மறு கண்ணால் எட்டிப் பார்த்தார். எருமையின் உதட்டைப் பிதுக்கிப் பல் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியேதான் இப்போதும் இருந்தது. மாட்டுத் தரகரான அவருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்தமானில் இந்தப் பெரார்கஞ்ச் பக்கத்தில் பழைய ரைபிளுக்கு என்ன விலை என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? புதுத் துப்பாக்கியென்றால் கப்பலில் கல்கத்தாவிலிருந்து வரும், விலை சீட்டிலேயே இருக்கும். கை மாறிக் கை மாறி வந்த ஒன்றுக்கு யாரிடம் போய் விலை கேட்பது? கறவை எருமைக்கும் கன்றுக்கும் வாய் மேலேயே விலை சொல்லுகிறவர் இதற்கும் சொல்லிவிடுவார் என்று ஊரே முடிவு செய்து, அவரையும் நம்பவைத்துவிட்டது.

அடுப்படியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. செல்லம் அதைப் பார்க்கவில்லை. ஜம்புலிங்கம் பார்த்து முடித்துவிட்டு, குழலின் வாய் அடுப்படிப் பக்கம் இருக்கும்படி ரைபிளை மடியில் போட்டுக்கொண்டார். அவள் மெல்ல ஒதுங்கிக் கதவு நிலைக்குப் பின்னால் நின்றாள். உள்ளே தோட்டா இல்லை என்று அவளுக்குத் தெரியும். காலையில்தான் அவள் புருஷன் குழந்தைவேலு திறந்து துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தான். தெரிந்து என்ன செய்ய? அவள் காலுக்குத் தெரியவில்லை, அது தானாக ஒதுங்கியது.

"ஏனுங் குழந்தவேலு, சாமான் சுத்தமா இருக்குதுங்க. உள்ளார கண்ணாடியாட்டம் மின்னுது," என்றார் ஜம்புலிங்கம். "என்ற கணக்குல இது தலைச்சன் ஈத்து எருமைங்க. கன்னோட சேத்து."

"கன்னு எங்க இருக்கு?" என்று சிரித்தான் சிலுவைராஜ். வாங்க வந்தவன் அவன்தான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். போர்ட் பிளேரில் மின்னி பே துறையில் படகு செப்பனிடும் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன வருஷம்தான் காட்டோரத்தில் நிலம் வாங்கிக் குடிவந்தான். போட்ட நெல்லில் பாதியை மான் தின்றுவிட்டது. டிசி ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்சும் வாங்கிவிட்டான். துப்பாக்கிதான் பாக்கி.

"தோட்டா டப்பாதானுங்க கன்னு. அதுவும் கூட வருதே!"

சிலுவைராஜின் மனைவி ரீத்தாவும் சிரித்தாள். அவள் இடுப்பிலிருந்து இறங்கிய சின்னப் பயல், பாயின் விளிம்பைப் பிடித்துத் தவழ்ந்து, ரைபிளின் பின்கட்டையை உள்ளங்கையால் தட்டினான். மரத்தில் தட்டினால் சத்தம் வருகிறது என்று கண்டுகொண்ட சந்தோஷத்தில் மறுபடியும் தட்டினான். செல்லம் ஒரே எட்டில் வந்து அவனை வாரித் தூக்கிவிட்டாள். பையன் திகைத்துப்போய் அழுதான்.

"மதினி, அவன் கடிக்க மாட்டான்," என்றான் சிலுவைராஜ்.

செல்லம் பிள்ளையை ரீத்தாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது.

அவளுடைய பயம் இன்று நேற்று வந்ததில்லை. மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு மத்தியானம் வந்தது. குழந்தைவேலு விதைநெல் விஷயமாகப் போர்ட் பிளேர் போயிருந்தான். வீட்டில் அவளும் ஐந்து வயது ருக்குவும் மட்டும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த நேரத்தில் நாய்கள் காட்டுப் பக்கம் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தன. எப்போதும் குரைக்கிற குரைப்பில்லை. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, பின்னால் நகர்ந்துகொண்டே குரைத்தன. காட்டில் பன்றி இருக்கும். மரம் வெட்டுகிற கூப்பிலிருந்து தப்பிய யானையும் இருக்கலாம். நமக்கெல்லாம் முன்னாலேயே அந்தக் காட்டில் இருக்கிற மனிதர்களும் இருக்கிறார்கள். தங்கள் காட்டை வெட்டிக்கொண்டே வருகிறவர்களை அவர்கள் ஏன் விரும்பப் போகிறார்கள்? எது நின்றது என்று செல்லம் இன்று வரை அறியமாட்டாள். அன்றைக்கு அவள் செய்தது இதுதான்: கதவைத் தாழிட்டாள், பரணில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தாள், புருஷன் எப்படிச் செய்வானோ அப்படியே போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி மடக்கினாள். எத்தனையோ தடவை பார்த்தது, கை தானாகச் செய்தது.

பிறகு நாய்கள் ஓய்ந்தன. ஒன்றும் வரவில்லை. தோட்டாவை எப்படி வெளியே எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போடுவதை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள், பாருங்கள். வயலுக்குப் புறப்படும்போது வாசலில் வைத்துப் போடுவான். எடுப்பதெல்லாம் வயலிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு வரும்போது வெறும் துப்பாக்கிதான் வரும். அவள் அந்தக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இழுத்தால் வெடித்துவிடுமோ? சரி, தொட வேண்டாம், அவர் வரும் வரை மூலையில் சாத்தி வைப்போம் என்று மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, இறக்கினாள். கடைசியில் கொஞ்சம் நழுவிற்று. பின்கட்டை தரையில் 'டொக்'கென்று இடித்தது.

துப்பாக்கி வெடித்த சத்தத்தை அவளால் வார்த்தையில் சொல்ல முடியாது. சின்னப் பலகை வீடு; சத்தம் போவதற்கு இடமில்லை. கூரைத் தகரத்தில் ஒரு கண் திறந்து, அதன் வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்கிற்று. ருக்கு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அழவில்லை. வாயைத் திறந்தபடி அம்மாவின் உதட்டையே பார்த்தாள்.

அன்று இரவே பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. ஊருக்கு வந்த குழந்தைவேலு காய்ச்சலைத்தான் பார்த்தான். தகரத்தின் ஓட்டையைச் செல்லம் தாரை உருக்கி அடைத்திருந்தாள். வெடித்த பிறகு இனி என்ன பயம் என்று கைப்பிடியை இழுத்தபோது வந்து விழுந்த வெறும் கூட்டைக் கொல்லையில் புதைத்திருந்தாள். தோட்டாவில் ஒன்று குறைகிறதே என்று அவன் டப்பாவைக் கொட்டிக் கொட்டி எண்ணினான், பிறகு தன் ஞாபகம்தான் பிசகு என்று தலையைச் சொறிந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் ருக்கு இப்படி ஆனாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவாள். ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து "என்னப்பா?" என்பாள். போர்ட் பிளேர் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்துல பட்டாசு கிட்டாசு ஏதாவது வெடிச்சுதா?" என்று கேட்டார். செல்லம் இல்லை என்று தலையாட்டினாள். காய்ச்சலில் வந்ததாக இருக்கும், மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். மெட்ராசுக்குப் போகத்தான் ரைபிள் விலைக்கு வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். குழந்தைவேலு அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவன்கூட இல்லை. அவனுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ராமநாதபுரத்தில் அண்ணனோடு ஏதோ வரப்புத் தகராறு. அண்ணன் சொன்ன ஒரு சொல்லுக்குப் பேச்சை நிறுத்தியவன், கடல் தாண்டி வந்து இத்தனை வருஷம் ஆகியும் இன்னும் பேசவில்லை. அண்ணன் செத்த செய்தி வந்தபோதும், தலை முழுகிவிட்டு வயலுக்குப் போய்விட்டான். இந்தத் தீவில் செல்லத்துக்குப் பேச இருக்கிற ஒரே வாய் அது. அது மூடிக்கொண்டால்?

இன்னொரு பயமும் உண்டு, இதைவிட உள்ளே இருப்பது. இறக்கும்போது தன் விரல் விசையில் பட்டதா, படவில்லையா? பட்டிருந்தால் குற்றம் அவளுடையது. படவில்லையென்றால் அந்தச் சாமானுக்கே தரையில் இடித்தால் வெடிக்கிற சுழி இருக்கிறது. அப்படியானால் இன்றைக்கு அது நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் போகிறது. படவில்லை என்று சத்தியம் செய்வாள். மறு நிமிஷமே பட்டிருக்குமோ என்று விரலை விரித்துப் பார்ப்பாள்.

வெளியே ஜம்புலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "சேரி, ஜல்தி ஜல்தி முடிச்சுப் போடலாமுங்க. எனக்கு ராஞ்சிக்காரன் ஒருத்தன் காளைக்குக் காத்துக்கிட்டிருக்கான். மொதல்ல கேக்கறதக் கேட்டர்றேன்."

மாட்டுக்கு அவர் கேட்பது மூன்று கேள்வி. மூன்றுமே ஒரே கேள்விதான். துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், குத்தம் குறை உண்டா என்று விற்கிறவனைக் கேட்பார். அடுத்து வாங்குகிறவனை, பார்த்ததில் ஏதாவது கண்டாயா என்று கேட்பார். மூன்றாவதாக விற்கிற வீட்டின் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பார். உதைக்கிற மாடு எது, பாலை அடக்குகிற மாடு எது என்பது கறக்கிறவளுக்குத்தான் தெரியும், அவள் சொல்லாமல் விட்டால் வியாபாரம் பழுது என்பது அவர் சந்தையில் கற்றது. கயிறு கை மாறின பிறகு எந்தக் குறையும் பேசக் கூடாது. இங்கே வங்காளியும் தெலுங்கனும் மலையாளியும்கூட அவர் முன்னால் இதற்குக் கட்டுப்பட்டார்கள்.

"குழந்தவேலு, குத்தம் குறை உண்டுங்களா?"

"ஒண்ணும் கிடையாது. கண்ணு மாதிரி வச்சிருந்தேன்."

"சிலுவ, நீங்க பாத்தீங்களா? ஏதாச்சும் உண்டுங்களா?"

"நாஞ் சேஃப்டியெல்லாம் தட்டிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. கெட்டியாத்தான் இருக்கு."

"சேரி." அவர் கண்ணைச் சிமிட்டினார். "மொறைன்னா மொறைதானுங்க. அம்மிணி! ஏனுங் அம்மிணி! இங்க வந்து சொல்லிட்டுப் போங்க. குத்தம் குறை உண்டுங்களா?"

"இத அவ கறந்தாளாக்கும்?" என்றான் குழந்தைவேலு. ரீத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

செல்லம் டீத் தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றாள். தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. தட்டைக் கீழே வைத்தால் சத்தம் நின்றுவிடும் என்று வைத்தாள். அப்புறமும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ருக்கு வாசலில் சோழியைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ரீத்தாவின் மடியிலிருந்த பயல் அழுகையை மறந்து, மறுபடியும் அந்தப் பின்கட்டையைப் பார்த்தான்.

"இருக்கு," என்றாள் செல்லம்.

"என்னுங்க?"

"கீழ இடிச்சா அது தானா வெடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சிலுவைராஜ்தான் சிரித்தான். "மதினிக்கு விக்க மனசில்ல போல."

"இல்ல தம்பி. நான் பாத்துருக்கேன்."

"நீ எப்ப பாத்த?" குழந்தைவேலு மெதுவாகத்தான் கேட்டான்.

செல்லம் வாசலில் இருந்த ருக்குவைப் பார்த்தாள். அவனுக்கு முகம் சிவந்தது. வந்தவர்கள் முன்னால் அவன் பொருளைக் குறை சொல்லியாகிவிட்டது, அதுவும் அவன் வீட்டுக்காரியே. எழுந்தான். டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு, ரைபிளோடு வாசலுக்கு இறங்கினான்.

"பிள்ளைகளத் தள்ளிப் பிடிங்க."

ரீத்தா பயலைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினாள். செல்லம் ருக்குவை இழுத்து, அவள் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்தி, தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். குழந்தைவேலு தோட்டாவைப் போட்டு மூடினான். குழலை வானத்துக்கு நிமிர்த்தி, உடம்பை ஒதுக்கிக்கொண்டு, பின்கட்டையைத் தரையில் இடித்தான்.

ஒன்றுமில்லை. பாக்கு மரத்திலிருந்து ஒரு கிளி பறந்தது.

இன்னும் ஓங்கி இடித்தான். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை துணி துவைக்கிற கல்லின் மேலேயே இடித்தான். கல் 'ணங்'கென்றது, அவ்வளவுதான். செல்லம் அது வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வெடிக்க வேண்டும் என்று வேண்டுகிறவளாக ஆகிவிட்டோமே என்று அதே மூச்சில் நடுங்கினாள். அப்படியானால் விரல்தான். என் விரல்தான் பட்டிருக்கிறது.

"சாமான் சொக்கத் தங்கமுங்க!" என்று கைதட்டினார் ஜம்புலிங்கம். "அம்மிணி குத்தம் சொல்லப் போயி வெல ஏறிப்போச்சு."

குழந்தைவேலு போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தான். தோட்டா துள்ளி வெளியே வந்து புல்லில் விழுந்தது.

செல்லம் அதையே பார்த்தாள். அவ்வளவுதானா? வெடித்த கூடு மட்டுமில்லை, வெடிக்காத தோட்டாவும் அதே கைப்பிடியை இழுத்தால் வந்துவிடுகிறதா? அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா, அழுகையா என்று தெரியாத ஒன்று. குழந்தைவேலு குனிந்து தோட்டாவை எடுத்தவன், அந்தச் சத்தத்துக்குத் திரும்பினான். அவள் அந்தத் தோட்டாவைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தான். உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தான். மறுபடியும் அவளை. அவள் கைகள் இன்னும் பிள்ளையின் காதுகளை விடவில்லை. அவன் பார்வை அந்தக் கைகளில் வந்து நின்றது, நின்றே இருந்தது.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் செல்லத்துக்குப் பயமாக இருந்தது.

"வாங்க, வாங்க," என்று ஜம்புலிங்கம் துண்டை விரித்தார். முதலில் சிலுவைராஜின் கை துண்டுக்கு அடியில் போயிற்று. விரல்கள் மடங்கி நிமிர்வது துணியில் அலையாகத் தெரிந்தது. ஜம்புலிங்கம் திருப்தியாகத் தலையசைத்தார். நல்ல விலைதான் கேட்டிருக்கிறான். அடுத்து குழந்தைவேலுவின் கை. ஜம்புலிங்கம் புன்னகையோடு பிடித்தார். புன்னகை பாதியில் நின்றது. துண்டுக்கு மேலேயே குனிந்து பார்த்தார், விரல் தெரிகிற மாதிரி.

"ஏனுங், வெரலத் தப்பாப் புடிச்சுட்டீங்களா? இன்னொருக்காப் புடிங்க."

துணி மறுபடி அசைந்தது.

"அட, என்னுங்க இது! வாங்கறவரு சொன்னதுக்குக் கீழ விக்கறவரு எறங்கி நான் எந்தச் சந்தைலயும் பாத்ததில்லைங்க. எருமைய ஓட்டிட்டு வந்து கன்னுக்குட்டி வெலைக்குக் குடுக்கறீங்க."

"அதான் வெல," என்றான் குழந்தைவேலு.

துண்டுக்குள் இருப்பதை வெளியே பேசுவது முறையில்லை. ஜம்புலிங்கமே முறை தவறிவிட்டார், அவ்வளவு திகைப்பு. கன்றுக்குட்டி விலை என்றால் என்ன என்று செல்லத்துக்குப் புரிந்தது. கப்பலில் மூன்று பேர் போக முடியாது. ஆகக் குறைந்த டிக்கெட்டான பங்க் கிளாசில் பிள்ளையும், கூட ஒருவரும். அந்த ஒருவர் யார்?

சிலுவைராஜின் சிரிப்பு போயிருந்தது. மூன்று முறை இடித்ததைக் கண்ணால் பார்த்தபோது வராத பயம், இந்த விலையைக் கேட்டதும் அவனுக்கு வந்துவிட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தைவேலுவிடம் திரும்பினான்.

"அண்ணாச்சி, அப்ப மதினி சொன்னத நம்புதீரா?"

குழந்தைவேலு கையிலிருந்த தோட்டாவை நிலைப்படியில் வைத்தான்.

"மூணு வாட்டி இடிச்சீரு. ஒண்ணும் ஆவலியே?"

"நாலாவது வாட்டி நான் இடிக்கல," என்றான் குழந்தைவேலு.

பின்பக்கத்திலிருந்து வந்த ரீத்தா, புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயலை இறுக்கிக்கொண்டாள். "இது நமக்கு வேண்டாம்ங்க. மான் திங்கட்டும்."

சிலுவைராஜ் யோசித்தான். மான் தின்ற வயலையும் யோசித்திருப்பான். பிறகு ரைபிளை எடுத்து, போல்ட்டை முழுசாக உருவி வெளியே எடுத்தான். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதைச் சுற்றி மனைவியிடம் நீட்டினான். "இத நீ ஒங்க அக்கா வீட்டுல கொண்டு வையி. கட்டைய நான் வைக்கேன். போலீஸ் லைன்ல துப்பாக்கி ரிப்பேர் பாக்க ஆள் இருக்கான்லா, அவன் பாத்து நல்லதுன்னு சொல்லுத வரைக்கும் ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ கெடக்காது." ஜம்புலிங்கத்திடம் திரும்பினான். "குழந்தவேலு அண்ணாச்சி சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்."

"டீக் ஹைங்க," என்றார் ஜம்புலிங்கம், குரலில் சுரத்தே இல்லாமல். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தரகு கேட்காமலே இறங்கி நடந்தார். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

சிலுவைராஜ் முன்னாலும் ரீத்தா நன்றாகப் பின்தங்கியும் வரப்பில் போனார்கள். துணிச் சுற்றை அவள் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தாள்.

வாசலில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ருக்கு அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, கலைந்துபோன சோழிகளை மறுபடியும் வரிசை வைக்க உட்கார்ந்தாள். செல்லத்துக்குத் திட்டு வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை, அது என்னவாக இருந்தாலும் சரி. 'ஏங்க' என்று கூப்பிட்டாள். தன் காதிலேயே அது சரியாக விழவில்லை.

குழந்தைவேலு திரும்பவில்லை. அவன் பிள்ளைக்குப் பின்னால் போய், மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். கையை மெல்ல நீட்டி, அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கட்டை விரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்கினான். ருக்கு ஒரு சோழியை எடுத்து வரிசையில் வைத்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோய்ச் சொடுக்கினான். அவள் அடுத்த சோழியை எடுத்தாள். செல்லத்துக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது; வியர்வையில் சட்டை ஒட்டியிருந்த முதுகு. அது எப்போது திரும்பும் என்று பார்த்தபடி நின்றாள். அவன் விரலை இன்னும் அருகே, பிள்ளையின் முடி தொடுகிற அளவுக்குக் கொண்டுபோனான்.